அத்தியாயம் 4: வெயில் வடக்கிலிருந்து வருகிறது

ஊரில் மனை பார்க்கப் போனால் முதலில் கிழக்கு எது என்று கேட்போம். சிட்னியிலோ மெல்பர்னிலோ மனை பார்க்கப் போனால் வடக்கு எது என்று கேளுங்கள். நாம் இருப்பது நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே. இந்த இரண்டு நகரங்களிலும் நண்பகல் சூரியன் ஆண்டு முழுவதும் வடக்கு வானில்தான் இருக்கும். ஆனியில் குளிர் நடுக்கும். மார்கழியில் வெயில் கொளுத்தும். தமிழ்நாட்டிலும் யாழ்ப்பாணத்திலும் வெயிலை உள்ளே விடாமல் தடுப்பதுதான் வீடு கட்டுவோரின் கவலை. இங்கே பாதி வருடம் தடுக்க வேண்டும், பாதி வருடம் வரவேற்க வேண்டும். மாடியில்லாத வீட்டில் இரண்டையும் கூடுதல் செலவில்லாமல் செய்யலாம், அறைகளைச் சரியான பக்கத்தில் போட்டால்.

கணக்கு எளிது. ஜூன் மாத நண்பகலில் சிட்னியில் சூரியன் அடிவானத்திலிருந்து சுமார் 33 பாகை உயரத்தில் நிற்கும், மெல்பர்னில் 29. டிசம்பரில் அதுவே சிட்னியில் 80, மெல்பர்னில் 76. அதனால் வடக்கு ஜன்னலுக்கு மேலே இறவாரத்தைச் சரியான அளவு நீட்டிவிட்டால், கோடை வெயில் கூரையோடு நின்றுவிடும். குளிர்கால வெயில் இறவாரத்துக்கு அடியால் நுழைந்து கூடத்துத் தரையில் விழும். ஜன்னலின் அடிக்கட்டையிலிருந்து இறவாரத்தின் அடிப்பாகம் வரை எவ்வளவு உயரமோ, அதில் 45 விழுக்காடு நீட்டினால் போதும். அடிக்கட்டை தரையிலிருந்து 1 மீட்டர், இறவாரம் 2.4 மீட்டர் என்றால் நீட்ட வேண்டியது ஏறக்குறைய 63 செ.மீ. தரை வரை இறங்கும் கண்ணாடிக் கதவு என்றால் 1 மீட்டருக்கு மேல். பல பில்டர்கள் வழக்கமாகத் தரும் 45 செ.மீ. இறவாரம் இந்த இரண்டுக்குமே போதாது.

மேற்கு ஜன்னலுக்கு இந்தக் கணக்கு பலிக்காது. மாலை வெயில் சாய்ந்து வந்து, எவ்வளவு நீட்டினாலும் அடியில் புகுந்துவிடும். சிட்னியின் மேற்குப் புறநகர்களில், நம்மவர்கள் அதிகம் வீடு கட்டும் பக்கத்தில், இது விளையாட்டல்ல. பென்ரித்தில் 2020 ஜனவரி 4 அன்று 48.9 பாகை செல்சியஸ் பதிவானது. மெல்பர்ன் நகரில் 2009 பிப்ரவரி 7 அன்று 46.4. எனவே மேற்குச் சுவர் ஓரம் கராஜ், துணி துவைக்கும் அறை, குளியலறை, அலமாரி ஆகியவற்றைப் போடுங்கள். கராஜ் வெந்தால் யாருக்கும் தூக்கம் கெடாது.

இன்னொரு வழக்கமான கோளாறு, அல்ஃப்ரெஸ்கோ என்னும் கூரையிட்ட வெளிக்கூடம். வீட்டின் பின்புறம் வடக்கு நோக்கி அமைவது அதிர்ஷ்டம். அந்த வடக்குக் கண்ணாடி முழுவதன் முன்னாலும் 3 மீட்டர் ஆழத்துக்குக் கூரை போட்டுவிட்டு, குளிர்காலத்தில் பகலிலும் விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் குடும்பங்கள் பல. மெல்பர்னில் ஜூன் நண்பகலில் அந்தக் கூரையைத் தாண்டி வெயில் கண்ணாடியின் கீழ் முழங்கால் உயரத்தைச் சற்றுத் தாண்டித்தான் விழும். அல்ஃப்ரெஸ்கோவைக் கண்ணாடிக்கு முன்னால் போடாமல், அதன் பக்கவாட்டில், கிழக்கு ஓரமாகத் தள்ளச் சொல்லுங்கள். பொங்கலன்று காலையில் அங்கே நிழலும் கிடைக்கும், கதிரவனும் எதிரே இருப்பான். (வெளியே ஒரு மின்செருகியும் வையுங்கள். ஜனவரியில் மொத்தத் தீத்தடை அறிவித்த நாளில் முற்றத்தில் விறகடுப்பு மூட்ட முடியாது.)

திசைகாட்டியை நம்புவதற்கு முன்

செல்பேசியின் திசைகாட்டியைக் காட்டி மனையின் திசையைத் தீர்மானிக்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். காந்த வடக்கும் உண்மையான வடக்கும் சென்னையில் ஒன்றிரண்டு பாகைதான் வேறுபடும். அதை யாரும் பொருட்படுத்துவதில்லை. சிட்னியிலும் மெல்பர்னிலும் வேறுபாடு ஏறக்குறைய 12 பாகை. ஊசி காட்டும் வடக்கிலிருந்து 12 பாகை மேற்கே திரும்பினால்தான் சூரியன் நண்பகலில் நிற்கும் வடக்கு. செல்பேசியில் ‘உண்மை வடக்கு’ என்ற அமைப்பை இயக்கிவிட்டுப் பாருங்கள். மனையின் சர்வே வரைபடத்தோடும் ஒப்பிடுங்கள். பெரிய ஜன்னல்கள் உண்மை வடக்கிலிருந்து மேற்கே 20 பாகை, கிழக்கே 30 பாகை வரை விலகியிருந்தால் பெரிய நட்டமில்லை. அதற்கு மேல் விலகினால் நிழலுக்கு வேறு ஏற்பாடு வேண்டும்.

வாஸ்து எங்கே மோதுகிறது

வாஸ்து பார்க்கலாமா கூடாதா என்று தீர்ப்புச் சொல்வது இந்த நூலின் வேலையில்லை. பார்க்கிற குடும்பம் என்றால், வெயிலும் வாஸ்துவும் எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே மோதுகின்றன என்று தெரிந்திருப்பது நல்லது.

பெரும்பாலானவற்றில் மோதலே இல்லை. ஈசானிய மூலை இங்கேயும் நல்ல மூலைதான். வடகிழக்கில் காலை வெயில், குளிர்கால வெயில் இரண்டும் கிடைக்கும். சாமி அறையும் குடும்பம் கூடும் இடமும் அங்கே இருந்தால் யாருக்கும் குறையில்லை. அக்கினி மூலையில், தென்கிழக்கில், சமையலறை இருந்தால் கோடைக் காலையில் வெளிச்சம், மாலையில் குளிர்ச்சி. அடுப்பு எரியும் அறைக்கு அது பொருத்தமே. நைருதி மூலைப் படுக்கையறை மட்டும் மெல்பர்னில் சில்லிட்டுப் போகும். கோடையிலோ சூரியன் தென்மேற்கில் மறைவதால் மாலை வெயில் உள்ளே அடிக்கும். ஜன்னலைச் சிறிதாக்கி இரட்டைக் கண்ணாடி போட்டுவிட்டால் இரவில் மட்டும் பயன்படும் அறைக்கு அது போதும்.

மோதல் வருவது தலைவாசலில். தெற்கு பார்த்த வாசல் என்றாலே நம்மவர்கள் பலர் அந்த மனையை ஒதுக்கிவிடுவார்கள். தெற்கே தெரு என்றால் வடக்கே கொல்லைப்புறம். தனிமையான, தெருப் பார்வை படாத, வெயில் வடிகிற கொல்லைப்புறம்! ஆஸ்திரேலியர்கள் போட்டி போட்டு வாங்குவது இதைத்தான். என்னைக் கேட்டால் தெற்குத் தெரு மனையையே வாங்கச் சொல்வேன். முகப்பில் ஒரு சின்ன வராந்தாவை, ஈழத்துக்காரர்கள் சொல்லும் விறாந்தையை, உள்வாங்கி அமைத்து, கதவைத் தெருவைப் பார்த்து வைக்காமல் வராந்தாவின் பக்கச் சுவரில் கிழக்கு பார்த்து வைத்துவிடலாம். பில்டருக்கு அது பெரிய வேலையில்லை. கைச்சாத்துக்கு முன் கேட்டால் செய்து தருவார்.

இதற்கு நேரெதிர், வடக்கு பார்த்த தெரு. வாஸ்துக்காரருக்கு மகிழ்ச்சி. ஆனால் பில்டரின் ஆயத்த பிளானில் குடும்பக் கூடம் பின்னால், தெற்கில் போய்விடும். நல்ல வெயில் முழுவதையும் முன்பக்கக் கராஜ் சாப்பிடும். இந்த மனையில் கராஜை ஒற்றைக் காருக்குக் குறைத்து, முன்னறையைப் படுக்கையறையாக்காமல் உட்காரும் அறையாக்குங்கள். அது முடியாதென்றால் வேறு மனை பாருங்கள். மேற்குத் தெரு மனை பரவாயில்லை. கராஜும் முன்னறையும் வெயிலைத் தாங்கிக்கொள்ளும். கூடம் கிழக்கே போகும்.

ஒரு கிழக்குத் தெரு மனை, அளவோடு

நம்மவர்கள் கையில் அதிகம் அகப்படுவது கிழக்கு பார்த்த மனை என்பதால் அதையே எடுத்துக்கொள்வோம். அகலம் 12.5 மீட்டர், நீளம் 32 மீட்டர், மொத்தம் 400 ச.மீ. மெல்பர்ன் டார்னீட்டிலோ கிளைடிலோ சிட்னி ஆஸ்ட்ரலிலோ இந்த அளவு மனைகள் சாதாரணம். நீளமான பக்கம் வடக்கு. அடுத்த வீட்டின் வேலி அங்கேதான்.

பில்டரின் பிளானை அப்படியே ஏற்றால் கூடம் மேற்குக் கோடியில் போய் உட்காரும். மாற்ற வேண்டியவை இரண்டு. முதலாவது, கராஜ் தெற்குப் பக்கம் வருமாறு பிளானைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பச் சொல்லுங்கள். பல பில்டர்கள் இதற்குப் பணம் கேட்பதில்லை. இரண்டாவது, வீட்டைத் தெற்கு நோக்கி ஒட்டித் தள்ளி, வடக்குச் சுவரின் நடுவில் ஒரு முற்றத்தை வெட்டியெடுங்கள்.

தெருவிலிருந்து 4.5 மீட்டர், பின்னால் 7 மீட்டர், தெற்கே 1 மீட்டர், வடக்கே 1.2 மீட்டர் விட்டால் வீடு 10.3 மீட்டர் அகலம், 20.5 மீட்டர் நீளம். நடுவில் 3.5 மீட்டர் ஆழமும் 6 மீட்டர் நீளமுமான முற்றத்தைக் கழித்தால் 190 ச.மீ. மிஞ்சும். ஊர்க் கொத்தனாரைப் போலவே இங்குள்ள பில்டரும் நூறு சதுர அடியை ஒரு சதுரம் என்றுதான் கணக்கிடுகிறார். ஆக இருபதரைச் சதுரம். இதில் இரண்டு கார் கராஜுக்கு 36 ச.மீ. போனால், நான்கு படுக்கையறை, மூன்று குளியலறை, 43 ச.மீ. கூடம்-சாப்பாட்டு இடம்-சமையலறை, உள்சமையலறை, சாமி அறை எல்லாம் மீதியில் அடங்கும், கொஞ்சம் இறுக்கமாக. தெருவிலிருந்து விட வேண்டிய தூரமும் பக்க இடைவெளியும் கவுன்சிலுக்குக் கவுன்சில், குடியிருப்புத் திட்டத்துக்குத் திட்டம் மாறும். எண்களை அங்கே சரிபார்க்காமல் கோடு போடாதீர்கள்.

முற்றத்தின் ஆழம் ஏன் 3.5? மெல்பர்னில் 1.8 மீட்டர் வேலியின் ஜூன் மாத நண்பகல் நிழல் 3.2 மீட்டர் நீளும். வேலியிலிருந்து முற்றத்துக் கண்ணாடி 4.7 மீட்டர் தள்ளியிருப்பதால் நிழல் அதைத் தொடாது. பக்கத்து வீடும் மாடியில்லாத வீடென்றால் இந்தக் கணக்கு நிற்கும். மாடி வீடு வந்தால் நிற்காது. அதன் நிழல் 10 மீட்டர் வரை வரும். அப்போது கூரையை ஒரு பக்கம் உயர்த்தி, சுவரின் மேல்விளிம்பில் நீள ஜன்னல் வைப்பதுதான் வழி. அக்கம்பக்கத்தில் என்ன கட்டப்போகிறார்கள் என்று விசாரித்துவிட்டு முடிவெடுங்கள்.

சிலர் நாற்சார் வீட்டையோ செட்டிநாட்டு வளவையோ மனதில் வைத்துக்கொண்டு வீட்டின் நட்டநடுவில் முற்றம் கேட்பார்கள். ஆசை நியாயமானது, 400 ச.மீ. மனையில் வேண்டாம். நான்கு புறமும் வெளிச்சுவர் கூடும், குளிர்காலத்துச் சூடு அந்தச் சுவர்களால் வெளியேறும், மழைநீர் போகத் தரைக்கடியில் குழாய் போட வேண்டும். புதிய வீடுகள் 7 நட்சத்திர ஆற்றல் மதிப்பீட்டை எட்ட வேண்டும் என்ற விதி நியூ சவுத் வேல்ஸில் 2023 அக்டோபர் 1 முதலும் விக்டோரியாவில் 2024 மே 1 முதலும் நடப்பில் இருக்கிறது. நடு முற்றம் அந்த மதிப்பெண்ணைக் கீழே இழுக்கும். ஒரு பக்கம் வடக்கே திறந்த முற்றம் அதை மேலே தள்ளும்.

ஆயத்த பிளான் என்றால் இளக்காரமாக நினைக்க வேண்டாம். 1947இல் விக்டோரியாவின் கட்டடக் கலைஞர் சங்கமும் ‘தி ஏஜ்’ நாளிதழும் சேர்ந்து சிறு வீட்டுத் திட்டமொன்றைத் தொடங்கின. அதன் முதல் இயக்குநர் ராபின் பாய்ட். கட்டடக் கலைஞர் வரைந்த நல்ல பிளான் 5 பவுனுக்குக் கிடைத்தது. போருக்குப் பிந்தைய மெல்பர்னில் எத்தனையோ குடும்பங்கள் அப்படித்தான் வீடு கட்டின. பிளான் யாருடையது என்பதைவிட, உங்கள் மனையில் எந்தப் பக்கம் திருப்பி வைத்தீர்கள் என்பதுதான் முக்கியம்.

தாளிப்பும் புகை அலாரமும்

இங்கத்திய பிளான்களில் சமையலறை, சாப்பாட்டு இடம், கூடம் மூன்றும் ஒரே வெளி. ரொட்டி சுடும் வீட்டுக்கு அது அழகு. காய்ந்த மிளகாயும் கடுகும் எண்ணெயில் விழும் வீட்டில் சோபா மெத்தை வரை வாசம் ஏறும். நடைக்கூரையிலுள்ள புகை அலாரம் அலறும். ஒன்று அலறினால் வீட்டிலுள்ள எல்லாம் அலறும், ஏனென்றால் புதிய வீடுகளில் அவை ஒன்றோடொன்று இணைந்திருக்க வேண்டும் என்பது விதி. துவாலையை வீசிக்கொண்டு அலாரத்துக்குக் கீழே நிற்கும் தாத்தாவைப் பார்க்காத தமிழ் வீடு இங்கே குறைவு.

அதனால் குசினியை இரண்டாகப் பிரியுங்கள். முன்னால் பார்வைக்கு ஒன்று. பின்னால் கதவோடு ஒன்று, உள்சமையலறை. பில்டர் இதை பட்லர்ஸ் பேன்ட்ரி என்று விற்பார். அவர் தருவது தட்டுகளும் ஒரு தொட்டியும் உள்ள சாமான் அறை. உங்களுக்கு வேண்டியது அடுப்பு. 2 மீட்டர் அகலம், 3 மீட்டர் நீளம் போதும். ஆனால் மூன்று விஷயங்களில் விட்டுக்கொடுக்காதீர்கள்: திறக்கக்கூடிய ஜன்னலுள்ள வெளிச்சுவர், புகையை நேராக வெளியே தள்ளும் உறிஞ்சி, மூடினால் இடுக்கில்லாமல் மூடும் கதவு. உறிஞ்சியின் குழாய் வளையாமல், நீளம் குறைவாகச் சுவரைத் துளைத்துப் போகட்டும். உள்ளேயே சுற்றிவிடும் வகையை நம் சமையலுக்கு வாங்கவே வேண்டாம்.

அடுப்பைப் பற்றி இப்போதே முடிவெடுக்க வேண்டும். விக்டோரியாவில் 2024 ஜனவரி 1 முதல், திட்ட அனுமதி தேவைப்படும் புதிய வீடுகளுக்கு எரிவாயு இணைப்பு கிடையாது, இண்டக்‌ஷன்தான். அடி உருண்ட ஆப்பச்சட்டியும் வடைச்சட்டியும் அதில் உட்காரா. உள்சமையலறை இண்டக்‌ஷனுக்குத் தனி மின்சுற்று வேண்டும் என்று எலக்ட்ரீஷியனிடம் பிளான் நிலையிலேயே சொல்லுங்கள். பொரிக்கிற வேலைக்கு அல்ஃப்ரெஸ்கோவில் சிலிண்டர் அடுப்பு ஒன்று வைத்துக்கொள்ளலாம். மேடைக்குக் கல் தேடும்போது, செயற்கைக் கல் பலகை 2024 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடை என்பதை நினைவில் வையுங்கள். அதை வெட்டும் தொழிலாளர்களின் நுரையீரலில் சிலிகாத் தூசி படிந்ததுதான் காரணம். கிரானைட் நமக்குப் பழகியது, அதுவே இருக்கட்டும்.

மேடைக்குக் கீழே ஒரு இழுப்பறையை ஆழமாகக் கேளுங்கள், 20 கிலோ அரிசி டப்பா நிற்கும் அளவுக்கு. கிரைண்டருக்கு இடுப்பு உயரத்தில் நிரந்தர இடம் கொடுங்கள். அதை அலமாரியிலிருந்து தூக்கி வைக்கிற வயது எப்போதும் இருக்காது.

சாமி அறைக்கு 1.2 க்கு 1.5 மீட்டர் தாராளம். கழிவறையோடு சுவரைப் பகிராமல், புகை அலாரத்துக்கு அடியில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். சாம்பிராணியும் புகைதான்.

அம்மா, அப்பாவின் அறை

பெற்றோரை நெடுநாள் தங்க அழைக்கிறவர்கள் 870 என்ற எண்ணுள்ள தற்காலிக பெற்றோர் விசாவை அறிவார்கள். ஒரே தடவையில் 3 அல்லது 5 ஆண்டுகளுக்குத் தருகிறார்கள். வேடிக்கை என்னவென்றால், அவர்கள் அறைக்கு நீங்கள் கேட்க வேண்டிய கதவின் அளவும் 870தான். கதவுப் பலகை 870 மி.மீ. இருந்தால்தான், திறந்தபின் நடக்க 820 மி.மீ. இடைவெளி கிடைக்கும். பில்டர் ‘820 கதவு’ என்று சொல்வது பலகையின் அகலம். திறந்தால் கிடைப்பது அதைவிடக் குறைவு. சக்கர நாற்காலியோ நடைவண்டியோ வரும் நாளில் அந்த 5 செ.மீ. பெரிதாகிவிடும்.

விக்டோரியாவில் 2024 மே 1 முதல் புதிய வீடுகளுக்குப் படியில்லாத நுழைவு, 820 மி.மீ. திறப்பு, 1 மீட்டர் நடை, தரைத்தளக் கழிவறை, திண்டு இல்லாத ஷவர், பிடிகம்பி பொருத்த வலுவூட்டிய குளியலறைச் சுவர் ஆகியவை விதியாகிவிட்டன. நியூ சவுத் வேல்ஸ் அந்தப் பகுதியை ஏற்காமல் விட்டதால் சிட்னியில் நீங்களே கேட்டு எழுதி வாங்க வேண்டும். கேளுங்கள், சுவருக்குள் பலகை அடிப்பது கட்டும்போது மலிவு, பின்னால் டைல்ஸை உடைத்துச் செய்தால் ஆயிரங்கள்.

இந்த அறை வடக்கு வெயில் படும் பக்கம், ஒட்டிய குளியலறையோடு, பிள்ளைகளின் அறைகளிலிருந்து கொஞ்சம் தள்ளி இருக்கட்டும். அதிகாலை நான்கு மணிக்கு எழும் பழக்கமுள்ளவர்கள் அவர்கள். மேலே சொன்ன கிழக்குத் தெரு வீட்டில் முற்றத்துக்கு முன்புறமுள்ள அறையைப் பெற்றோருக்கும், பின்புறத் தென்மேற்கு அறையை உங்களுக்கும் வைத்துக்கொள்ளலாம். கழிவறைப் பக்கத்தில் கைத்தெளிப்பானுக்கு நீர் இணைப்பை இப்போதே கேளுங்கள். பின்னோட்டத் தடுப்புக் கருவியோடு, உரிமம் பெற்ற பிளம்பர்தான் அதைப் பொருத்த வேண்டும்.

தனியாக ஒரு சிறு வீடே கட்டிக்கொடுக்கலாமா? விக்டோரியாவில் 300 ச.மீ.க்குக் குறையாத மனைகளில் 60 ச.மீ. வரையிலான இரண்டாவது சிறு வீட்டுக்குப் பெரும்பாலும் திட்ட அனுமதி வேண்டியதில்லை. கட்டட அனுமதி மட்டும் வேண்டும். நியூ சவுத் வேல்ஸில் விரைவு அனுமதிக்கு மனை 450 ச.மீ.யாவது இருக்க வேண்டும். நம் 400 ச.மீ. அங்கே தேறாது.

எதை முதலில் உறுதிசெய்வது

இந்த நாட்டின் மாடியில்லாத வீடுகளில் கூரையை முக்கோண மரச் சட்டங்கள் தாங்குகின்றன. அவை பெரும்பாலும் வெளிச்சுவர்களிலேயே அமர்வதால், உட்சுவர்கள் பலவற்றைப் பின்னாளில் பொறியாளரிடம் கேட்டு நகர்த்தலாம். கழிவுநீர்க் குழாய் அப்படியல்ல. கான்கிரீட் தளம் ஊற்றுவதற்கு முன்பே அது புதைந்துவிடும். மெல்பர்னின் மேற்கிலும் சிட்னியின் மேற்கிலும் ஈரத்தில் உப்பி வெயிலில் சுருங்கும் களிமண். தளத்தை உடைத்துக் குழாயை மாற்றுவது அங்கே யாரும் விரும்பும் வேலையில்லை. ஆகவே கழிவறைகள், இரு சமையலறைகள், ஜன்னல்கள் ஆகியவற்றின் இடத்தை முதலில் இறுதி செய்யுங்கள். படுக்கையறை அரை மீட்டர் கூடுவதும் குறைவதும் அடுத்த பேச்சு.

கூடத்துக்கும் படுக்கையறை நடைக்கும் நடுவில் ஒரு கதவு கேளுங்கள். டிஸ்ப்ளே வீடுகளில் இது அநேகமாக இருக்காது. மெல்பர்ன் ஜூலையில், ஒரே ஒரு அறையைச் சூடாக்க வீடு முழுவதையும் சூடாக்கும் செலவு அதனால்தான் வருகிறது. படுக்கைகளை பிளானில் அளவோடு வரைந்து பாருங்கள்: குயீன் 153 க்கு 203 செ.மீ., கிங் 183 க்கு 203. அறையின் அகலம் என்று எழுதியிருப்பதில் அலமாரியும் சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள்.

இவையெல்லாம் ஒப்பந்தத்துக்கு முன்பு. கையெழுத்துப் போட்ட பிறகு நகர்த்தும் ஒவ்வொரு சுவருக்கும் வேரியேஷன் என்று தனிக் கட்டணம் வரும். இரண்டு மாநிலங்களிலும் வீடு கட்டும் ஒப்பந்தத்தைக் கையெழுத்திட்ட பின் விலகிக்கொள்ள 5 வேலைநாள் அவகாசம் உண்டு. விக்டோரியாவில் முன்கூட்டியே வழக்கறிஞரின் ஆலோசனை பெற்றிருந்தால் அந்த அவகாசமும் கிடையாது.